துரைசானி எடுத்த முகம்

நான் நாற்பது வருடத்துக்கு மேல் சேர்த்த பதக்கங்கள் சென்ற மாதம் கோலாலம்பூரில் ஏலம் போயின. ஒன்றே ஒன்று மட்டும் போகவில்லை. ஏன் அதைக் கொடுக்கவில்லை என்று மகள் கேட்டாள், ஏலக்காரர் கேட்டார், பக்கத்து வீட்டுக்காரி வரைக்கும் கேட்டாள். ஆளுக்கொரு பொய்யாகச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

பதக்கம் என்றதும் எந்த ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்தீர்கள் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். என் உடம்பைப் பார்த்த பிறகும் கேட்பார்கள். இவை கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பதக்கங்கள் அல்ல. உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பதற்கென்றே சிற்பிகள் வெண்கலத்தில் வார்த்தவை. ஒரு பக்கம் முகம், மறுபக்கம் எழுத்தோ ஒரு மரமோ பறவையோ இருக்கும். முன்பின் தெரியாத ஊர்க்காரர்களின் முகங்களைத் தபாலில் வரவழைத்து அலமாரியில் அடுக்கி வைத்திருந்தேன். சிரம்பான் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது என் வேலையாக இருந்தது. பகலெல்லாம் மனிதர்களின் எலும்பைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து முகத்தைப் பார்ப்பதில் ஒரு நிம்மதி இருந்தது. பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், முப்பது வருடம் இருட்டறையில் உட்கார்ந்திருந்தேன், ஒரு பிலிமில்கூட ஆவி விழவில்லை என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன்.

முதல் பதக்கம் நான் வாங்கியதல்ல. அது அம்மாவுடையது.

சிரம்பான் பக்கத்து ரந்தாவ் தோட்டத்துக்கு வருமுன் நாங்கள் வேறொரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் அம்மாவும் பால்மரம் வெட்டினார்கள். அங்கிருந்த வெள்ளைக்காரத் துரையின் மனைவி மெழுகில் முகம் செய்வாள். தோட்டத்து ஆட்களைப் பங்களாவுக்கு வரச்சொல்லி, உயரமான முக்காலியில் உட்கார வைத்து, மூன்று நாள் பார்த்துப் பார்த்துச் செய்வாள். பிறகு அது கப்பலில் அவள் ஊருக்குப் போய், வெண்கலமாகத் திரும்பி வரும். முதலில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோரின் முகத்தை எடுத்தாள். அந்த வருடமே மரம் சாய்ந்து மண்டோர் செத்துப்போனார். அடுத்து பங்களாவில் சமைத்த ஆயா. அவளைக் கிணற்றில் இருந்து எடுத்தார்கள். துரைசானி முகத்தை எடுத்தால் ஆள் தங்காது என்று லயத்து வீடுகள் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

மூன்றாவதாக அவள் எடுத்தது என் முகம். அப்படித்தான் அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். பதக்கத்தின் பின்னால் என் பெயரும், வயது ஆறு என்பதும் ஆங்கிலத்தில் இருந்தன. அந்த முக்காலி எனக்கு நன்றாக நினைவிருந்தது. கால் தரையில் படாமல் தொங்கியது, மெழுகு வாசனை, துரைசானியின் ஈரமான கட்டைவிரல், எல்லாம் நினைவிருந்தது. அந்தப் பேச்சுக்கெல்லாம் நானே உயிருள்ள பதில் என்று வாழ்க்கை முழுவதும் மார்தட்டிக்கொண்டேன். முகம் எடுத்த அறுபது வருடத்துக்கு அப்புறமும் மீன் குழம்பு ஊற்றி இரண்டு தட்டுச் சோறு தின்கிறேனே!

காய்ச்சலில் செத்தது என் தங்கை. எனக்கு ஒரு தங்கை இருந்தாளாம், நாலு வயதில் போய்விட்டாளாம். போட்டோ எதுவும் இல்லை. நாங்கள் உடனே தோட்டம் மாறி வந்துவிட்டோம். நான் பள்ளிக்கூடம் போகும் முன்பே அப்பாவும் போய்விட்டார்.

அம்மா அந்தப் பதக்கத்தைச் சாமி மாடத்தில் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை தவறாமல் அதன் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைப்பார். வைத்ததை ஒருநாளும் துடைத்ததில்லை. விளக்குப் புகையும் எண்ணெயும் சேர்ந்து வருடா வருடம் தடித்து, முகம் இருந்த இடம் கறுப்பும் சிவப்புமாக ஒரு மேடாகிவிட்டது. எனக்குச் சோறு போடுமுன் ஒரு கவளம் எடுத்து அதன் முன் வைத்து, "வாம்மா, சாப்புடு" என்பார். நான் தட்டோடு பின்னால் நின்றுகொண்டு, "இங்கதானேம்மா இருக்கேன்" என்பேன். அம்மா திடுக்கிட்டுத் திரும்புவார். அந்த ஒரு நொடி என்னை யாரென்றே தெரியாதவர்போல் பார்ப்பார். நான் இரண்டு இடத்தில் இருக்கிறேனோ, அங்கே இருப்பவள்தான் முதலில் சாப்பிடுகிறாளோ என்றெல்லாம் தோன்றும்.

எனக்குக் காய்ச்சல் வந்தால் இன்னும் மோசம். பகல் வெளிச்சத்திலேயே கதவைச் சாத்திவிட்டு, பாயருகே உட்கார்ந்து, என்னிடம் பேசாமல் வாசல் பக்கம் பார்த்துப் பேசுவார். "இவ மூத்தவ. இவ மூத்தவ." வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். காய்ச்சல் வேகத்தில் நானும் அந்தப் பக்கம் பார்த்துப் பார்த்துக் கண் வலிக்கும். தங்கை செத்ததில் அம்மாவுக்குக் கொஞ்சம் புத்தி பிசகிவிட்டது என்று பிற்பாடு நினைத்துக்கொண்டேன்.

அம்மா போன பிறகும் நான் அந்தக் குங்குமத்தைச் சுரண்டவில்லை. பயமெல்லாம் இல்லை, அம்மா வைத்தது என்ற மரியாதைதான் என்று சொல்லிக்கொள்வேன். அந்தத் துரைசானி செய்த மற்ற இரண்டையும், மண்டோரையும் ஆயாவையும், எங்கெங்கோ எழுதிப் போட்டு வாங்கினேன். அந்தத் தேடலில்தான் மற்ற பதக்கங்களும் வந்து சேர்ந்தன.

எனக்குப் பிறகு மகள் இதையெல்லாம் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடுவாள் என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அதனால்தான் ஏலத்துக்குக் கொடுத்தேன். ஏலக்காரர் ஐம்பது வயதுச் சீனர், பொறுமைசாலி. ஒவ்வொன்றையும் பஞ்சுக் கையுறை போட்டுப் பார்த்தார். துரைசானியின் வேலைகளைக் கண்டதும் அவர் முகம் மாறிவிட்டது. அவற்றைத் தேடி இப்போது ஆட்கள் அலைகிறார்களாம். மூன்றாவது பதக்கத்தில் இருப்பது நான்தான் என்றதும் எழுந்தே நின்றுவிட்டார்.

"முகத்துக்கு உரியவரே உயிரோடு இருந்து விற்பது எங்கே நடக்கும், மேடம்? உங்களையும் அதையும் சேர்த்து ஒரு போட்டோ எடுத்து ஏலப் புத்தகத்தில் போடுவோம். சனிக்கிழமை வருகிறேன். அதைத் தொடாதீர்கள். அந்தக் குங்குமம், அந்தக் கறுப்பு, எதையும் தொடக்கூடாது. காலம் போட்ட நிறம் அது."

நான் தொடவில்லை. என் மகள் தொட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை நான் பசாருக்குப் போய் வருவதற்குள், சாமி மாடத்து விளக்குகளோடு அதையும் எடுத்துப் புளி போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, பின்வாசலில் துணி விரித்து வெயிலில் காய வைத்திருந்தாள். குத்துவிளக்குக்கும் தூபக்காலுக்கும் நடுவில் அது தகதகவென்று கிடந்தது. நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

"சாமி ரூம்ல இருந்துச்சு, வெள்ளிக்கிழம, வெளக்கோட வெளக்கா தேச்சேன். அழுக்கா அனுப்புனா நம்மளத்தானம்மா பேசுவாங்க" என்றாள்.

அவளைத் திட்டுவதற்கு இன்னும் நிறைய வைத்திருந்தேன். அதற்குள் பதக்கத்தைக் கையில் எடுத்துவிட்டேன். வெயிலில் கிடந்ததால் சூடாக இருந்தது, காய்ச்சல்காரப் பிள்ளையின் கன்னம்போல. பக்கவாட்டு முகம். சிறுமி எதையோ கவனித்துக் கேட்பவள்போல் தலையைக் கொஞ்சம் சாய்த்திருந்தாள். கூந்தலை இழுத்துப் பின்னியிருந்ததால் காது முழுசாகத் தெரிந்தது.

அந்தக் காது என் காது இல்லை.

என் காதின் அடிமடல் தனியாகத் தொங்கும். அந்தப் பிள்ளையின் மடல் கன்னத்தோடு ஒட்டி இறங்கியது. இது வயதானால் மாறுகிற சமாசாரம் இல்லை. துரைசானி கவனக்குறைவாகச் செய்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மண்டோரை எடுத்துப் பார்த்தேன். மூக்கோரத்து மருவும் அதில் இருந்த ஒற்றை மயிரும்கூட இருந்தன. ஆயாவின் கண்ணிமைக் கட்டியைக்கூட விடவில்லை அவள். கண்ணாடி முன் நின்று, பதக்கத்தை என் காதுக்குப் பக்கத்தில் பிடித்தேன். பின்பக்கத்தைத் திருப்பினேன். என் பெயர்தான். வயது ஆறுதான். அந்த முக்காலியில் உட்கார்ந்தது எனக்கு அப்போதும் நினைவிருந்தது, அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் ஏலக்காரர் வந்தார். பளபளப்பைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார். இருந்தாலும் வந்த வேலையை விடவில்லை. பதக்கத்தை என் முகத்தருகே பிடிக்கச் சொல்லிப் போனில் படம் எடுத்தார். எடுத்ததைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கொஞ்சமும் மாறவில்லை, மேடம். அப்படியே இருக்கிறீர்கள்."

அவர் சிரித்தார். நான் போனை வாங்கிப் பார்க்கவில்லை. மற்றதையெல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள், இதை மட்டும் ஒரு வாரம் கழித்துத் தருகிறேன் என்றேன்.

கேட்பதற்கு ஒரே ஒரு ஆள்தான் மிச்சம். போர்டிக்சனில் மகன் வீட்டில் இருக்கும் சின்னம்மா, அம்மாவின் தங்கை. எண்பதைத் தாண்டியவர். அந்தத் தோட்டத்தில் எங்களோடு இருந்தபோது அவருக்குப் பதினாறு வயது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். வெளியே வெயில் கொளுத்தியது. கார் நிறுத்தும் இடத்தில் பேப்பர் விரித்து உட்கார்ந்து, நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தார். நான் கைக்குட்டையைப் பிரித்து அவர் முன் வைத்தேன்.

"இது யாரு சின்னம்மா?"

அவர் கை நின்றுவிட்டது. பதக்கத்தைத் தொடவில்லை.

"யாரு கழுவுனா?" என்றார்.

"யாருன்னு கேட்டேன்."

"மூத்தவ."

"மூத்தவ நான்தானே?"

சின்னம்மா வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீ சின்னவ லா" என்றார்.

அதன்பின் அவர் நிறுத்தவில்லை. இத்தனை வருடம் தொண்டையில் வைத்திருந்ததைத் துப்புவதுபோலச் சொன்னார்.

"தொரசானி கேட்டது உன்ன. கோயில்ல பாத்துருக்கா, அந்தக் குட்டிப் பொண்ணக் கூட்டிட்டு வான்னு ஆபீசுல கணக்கெழுதுற கிராணிகிட்ட சொல்லி விட்டா. ஆயா செத்து ஒரு மாசங்கூட ஆவல. மாட்டேன்னா வேலையும் போயிரும், வீடும் போயிரும். அக்கா ரெண்டு நாளு சோறு திங்கல. மூனாவது நாளு மூத்தவளுக்குத் தலயச் சீவி அனுப்பிட்டா."

"ஏன் அவள?"

"நீ கைப்புள்ள. விட முடியல அவளுக்கு." மறுபடி ஒரு நெத்திலியை எடுத்துத் தலையைக் கிள்ளினார். "மூனு நாளு போயி உக்காந்துட்டு வந்தா. பிஸ்கட் குடுத்தாங்களாம், உனக்குன்னு பாதிய மடியில கட்டிக் கொண்டாந்தா. முக்காலி எப்புடி இருந்துச்சு, மெழுகு எப்புடி மணந்துச்சுன்னு உன்கிட்ட ஒக்காந்து ஒக்காந்து சொல்லுவா. அடுத்த மாசமே காய்ச்ச. ரெண்டு நாளுதான்."

நான் பதக்கத்தைக் கைக்குட்டையோடு என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"கேட்டது உன்ன, எடுத்துட்டுப் போனது அவள. ஆளு மாறிப் போச்சுன்னு அதுக்குத் தெரிஞ்சா திரும்பி வருமுல்ல? அதான் அக்கா கிராணிகிட்ட உன் பொறப்புப் பத்திரம், அந்த சூராட் பெரானாவக் குடுத்து, செத்தது சின்னவன்னு எழுத வெச்சா. மூத்தவ பேர உனக்குப் போட்டா. ஆளு தெரியாத தோட்டமா பாத்து வந்துட்டோம். பள்ளிக்கொடத்துலயும் அந்தப் பேருதான், அடையாள கார்டு ஐசியிலயும் அந்தப் பேருதான். பதக்கத்த அந்தக் கிராணிதான் தேடிக் கொண்டாந்து குடுத்தாரு. பின்னால இருந்த பேர நீ எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டு இது யாருன்னு கேட்ட. அவ என்ன சொல்லுவா? நீதான்னா."

பிறந்த நாள், பள்ளிச் சான்றிதழ், கல்யாணப் பத்திரம், பென்ஷன் புத்தகம், எல்லாம் அவளுடையவை. ஆறு வயதில் செத்த பிள்ளை என் வழியாக வளர்ந்து, வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, ஓய்வும் பெற்றுவிட்டாள். நாலு வயதில் செத்ததாக எழுதப்பட்டவள்தான் அங்கே உட்கார்ந்து வியர்த்துக்கொண்டிருந்தாள். விற்பதில்லை என்று அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன். பாதி பிஸ்கட்டை எனக்கென்று முடிந்து கொண்டுவந்தவளை யார் கையிலும் கொடுக்க எனக்கு மனம் வராது. அவளை நினைத்து அங்கேயே அழுதேன். அக்கா என்று ஒருமுறைகூட யாரையும் நான் கூப்பிட்டதில்லை.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. என் சுபாவம் அது.

"அப்ப என் பேரு என்ன?"

"வேணாம்."

"சின்னம்மா, என் பேரு எனக்குத் தெரிய வேணாமா?"

"அக்கா சத்தியம் வாங்கிருக்கா. அன்னைலேர்ந்து அந்தப் பேர நான் வாய்விட்டுச் சொன்னதில்ல. உன் காதுல மட்டுமா விழும்?"

"யாரு காதுல விழும்? இந்தப் பட்டப்பகல்ல யாரு நிக்கிறா இங்க?" கத்திவிட்டேன். "எழுவது வயசு ஆவப் போவுது எனக்கு. பேய்க் கதையெல்லாம் என்கிட்ட சொல்லாதீங்க. இன்னமே வந்து என்னத்த எடுத்துட்டுப் போவும்? சொல்லுங்க!"

சின்னம்மா முந்தானையால் கையைத் துடைத்தார். என் பக்கம் சாய்ந்தார்.

"சரி, கேட்டுக்க" என்று வாயைத் திறந்தார்.

நான் எட்டி அவர் வாயைப் பொத்தினேன்.

பொத்த வேண்டும் என்று நினைத்துச் செய்யவில்லை, கை தானாகப் போயிற்று. என் உள்ளங்கைக்குள் அவர் உதடுகள் அசைந்து, ஒரு பெயரைச் சொல்லி முடித்து நின்றன. நான் வாசலைப் பார்த்தபடி, கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தேன்.