லட்சுமியின் காலடியில் கறுத்த பற்றுச்சீட்டுகள்

உடுப்புத் தொழிற்சாலை மூடிய பிறகு நான் வீட்டிலிருந்து சாறிச் சட்டை தைக்கத் தொடங்கினேன். முதல் வருடமே ஆட்கள் தேடி வந்தார்கள். கோடைக்காலத்துக் கல்யாணங்கள் தொடங்கினால் மூச்சுவிட நேரமில்லை. இருந்தும் யாராவது விசாரித்தால் என் கணவர், "அவ வீட்டிலதான். சும்மா பொழுதுபோக்குக்குத் தைக்கிறா" என்பார். அந்தச் 'சும்மா' காதில் விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கியூபெக்கில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் எங்களுடையது சின்ன வீடு. தையல் மெஷின் இருந்தது சாப்பாட்டு மேசையில். ஒருநாள் அவருடைய புட்டுக்குள் ஒரு கொழுக்கி கிடந்தது. எனக்கு ஒரு தனியிடம் வேண்டும் என்பதில் அன்றைக்குத்தான் இருவரும் ஒத்துப்போனோம்.

தெருமுனையில், டெப்பனர் என்கிற பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கடை காலியாக இருந்தது. தெருவைப் பார்த்த ஒரு பெரிய கண்ணாடி. அதற்குப் பின்னால் இரண்டு மெஷின் போடலாம். பார்த்த நிமிடமே மனதுக்குள் திரைச்சீலையும் போட்டுவிட்டேன். கட்டடத்துச் சொந்தக்காரர் இரண்டு விடயம் கேட்டார். ஒன்று முற்பணம். அதை நான் ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்தேன். மற்றது, வருமான வரிக் கணக்கைப் பார்த்துவிட்டு அரசாங்கம் அனுப்பும் கடிதம். அது என் பெயரில், என் தொழில் வருமானத்தைக் காட்டவேண்டும். கோடை வரை கடையை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைத்திருப்பதாகச் சொன்னார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. கணக்கில் என்னை யாரும் மடக்க முடியாது என்று நினைத்திருந்தேன். யார் யாருக்குத் தைத்தேன், எவ்வளவு வாங்கினேன் என்பதெல்லாம் அளவுக் கொப்பியில் இருந்தது. துணி, லைனிங், நூல், கொழுக்கி வாங்கிய பற்றுச்சீட்டுகள் ஒன்றுகூடத் தவறாமல் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. பெட்டி சாமி அலுமாரியில், மேல்தட்டில், லட்சுமி படத்தின் காலடியில் இருந்தது. முதல் சீட்டுக்கு மஞ்சள் பூசி, பொட்டும் வைத்திருந்தேன். கீழ்த்தட்டில் விளக்கு. காலையும் மாலையும் தவறாமல் கொளுத்துவேன். தொழில் வளர இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏப்ரல் தொடக்கத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, எங்கள் ஆட்களுக்கு வரிப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் அண்ணையிடம் போனேன். கணவரும் கூடவே வந்தார். தொழிற்சாலைக் காலத்தில் அவர்கள் தந்த சம்பளக் கணக்குத் துண்டை நீட்டினால் ஒரு தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். இப்போது அண்ணை மேசையில் இரண்டு கட்டுக் காகிதங்களை வைத்தார். ஒன்று ஒட்டாவாவில் மத்திய அரசுக்கு, மற்றது கியூபெக் மாகாணத்துக்கு. ஒரே சட்டைக்கு இரண்டு பேர் அளவு கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"எங்க தங்கச்சி, சீட்டுகளை எடுங்கோ பாப்பம்."

பெருமையாகப் பெட்டியைத் திறந்தேன். அண்ணை ஒரு சீட்டை எடுத்தார், திருப்பினார், வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு இன்னொன்று. எல்லாம் கறுப்பு. தீபாவளிக்குச் சுட்ட பலகாரத்தின் அடிபோல.

"இதென்ன, அடுப்புக்குள்ள வச்சனீங்களோ?"

"இல்லை அண்ணை, சாமிக்கு முன்னால."

அவர் தலையில் கைவைத்தார். "இது சூடு பட்டாக் கறுக்கிற பேப்பர் எல்லோ! விளக்குக்கு மேலயோ வச்சனீங்கள்?"

ஒரு வருடம் முழுக்க இரண்டு வேளையும் பக்தியோடு என் செலவுக் கணக்கை நானே வாட்டியிருக்கிறேன். மஞ்சள் பூசிய சீட்டில் பொட்டு மட்டும் மிச்சம். கணவர் சிரிப்பை அடக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்த்த பார்வையில் அந்தச் சிரிப்பு நின்றது.

அண்ணை பொறுமையாகச் சொன்னார். சீட்டு இல்லாவிட்டால் செலவைக் காட்ட முடியாது. செலவைக் காட்டாவிட்டால் வாங்கிய காசு முழுக்க இலாபம்போல நிற்கும், வரி கூடும். எவ்வளவு வரும் என்று தட்டிப் பார்த்தார். நான் கடைக்குச் சேர்த்த முற்பணத்தில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். திரைச்சீலை போட்ட கண்ணாடி என் கண்ணுக்குள் இருண்டது. வாசலுக்கு வந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

கணவர் பெட்டியை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். "நீர் துணி எல்லாம் வாங்கிறது அந்தக் கிழவன்ர கடையிலதானே? அவரிட்டக் கேட்டுப் பாப்பம்."

"கைக்காசாக் குடுத்து வாங்கினது. அவர் என்னத்தை வச்சிருக்கப் போறார்?"

"கேக்கிறதுக்கு வரி இல்லையே" என்றார்.

அந்தத் துணிக்கடைக்காரருக்கு என்னைக் கண்டால் பயம். பேரம் பேசாமல் ஒரு முழ லைனிங் வாங்கியதில்லை நான். சனிக்கிழமை நாங்கள் உள்ளே நுழைந்ததும் அவர் கையை உயர்த்தி, "மதாம், இன்றைக்குக் குறைக்க ஒன்றுமில்லை" என்றார் பிரெஞ்சில். நான் கறுத்த சீட்டுகளை மேசையில் பரப்பி, எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் கதையைச் சொன்னேன். லட்சுமியை விளக்கத்தான் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்.

அவர் சிரித்துக்கொண்டே கீழிருந்து ஒரு தடித்த கொப்பியை எடுத்தார். விலை குறைத்துக் கொடுத்தால், யாருக்கு, என்ன துணி, எத்தனை மீற்றர், எவ்வளவு குறைத்தார், கடைசியில் எவ்வளவு வாங்கினார் என்று திகதியோடு எழுதி வைப்பது அவர் வழக்கமாம். பக்கத்துக்குப் பக்கம் நான்தான் இருந்தேன். ஒருமுறைகூட நான் முழு விலை கொடுக்காததால், நான் வாங்கியதில் ஒன்றுகூட அந்தக் கொப்பிக்குத் தப்பவில்லை.

"என் பேரத்தைக் கஞ்சத்தனம் எண்டு சொன்னனீங்களே?" என்று கணவரைப் பார்த்தேன்.

"இனிமேல் சொல்லமாட்டன்" என்றார்.

அன்று பின்னேரம் முழுக்க என் கணவர் கொப்பியை வாசிக்க, கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் புதுப் பற்றுச்சீட்டு எழுதிக் கையெழுத்துப் போட்டார். இவர் திகதி, மீற்றர் எல்லாம் சரிபார்த்தார். நடுவில் ஒருமுறை நிமிர்ந்து, "இவ்வளவு துணியோ தைச்சனீர்?" என்றார். பிறகு திரும்பவும் குனிந்து, அந்தப் பக்கத்து மீற்றர்களை விரல்விட்டுக் கூட்டத் தொடங்கினார்.

அண்ணை படிவங்களை அனுப்பினார். வரி வந்தது, ஆனால் நியாயமாக வந்தது. கட்டியபோது கை கூசவில்லை. முற்பணம் அப்படியே இருந்தது. சில கிழமைகளில் கடிதங்கள் வந்தன. என் பெயருக்கு நேரே என் உழைப்பு. அவற்றைச் சாமி அலுமாரிக்குக் கொண்டுபோனேன். பின்னால் கணவரின் சத்தம்: "இஞ்சரும்! முதல்ல விளக்கை அணைச்சுவிடும்!"

கட்டடக்காரரிடம் போனபோது அவர் கடிதங்களைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு ஒப்பந்தத்தையும் பேனாவையும் என் கணவர் பக்கம் தள்ளினார். இவர் அவற்றைத் தொடவில்லை. என் முன்னால் நகர்த்தி வைத்துவிட்டு, வாயில் வந்த பிரெஞ்சில் சொன்னார்: "கடை இவவுடையது. நான் சும்மா பொழுதுபோக்குக்கு வந்தவன்."