எழுபத்தொன்று நடக்கிறது

அப்பாவை பிரஷர் கிளினிக்குக்குக் கூட்டிப் போன காலை அது. பின்னேரம் மூன்று மணிக்கு, அவர் வேலை செய்து ஓய்வு பெற்ற அரிசி ஆலைச் சங்கத்தில் கூட்டம் இருந்தது. சங்கத்தின் ஓய்வூதிய நிதியத்துக்கு முதலீட்டுத் திட்டம் போட்டுக் கொடுத்தவள் நான். நிதியத்தில் உள்ளது எப்படி வளரும், ஓய்வு பெற்றவர்களுக்கு எவ்வளவு காலம் கொடுக்க வேண்டியிருக்கும் என்ற இரண்டையும் கணனியில் வருடம் வருடமாக முன்னோக்கி ஓட்டிப் பார்க்கும் வேலை. சொத்து–பொறுப்பு மாதிரி என்று படித்தவர்கள் சொல்வார்கள். அப்பாவுக்கு அது ‘மகள்ட சாத்திரம்’.

என் சாத்திரத்தின்படி, பணத்தின் பெரும்பகுதியை நீண்டகாலக் கடன் முறிகளில் பூட்டிவிடலாம்; அதை முடிவு செய்யத்தான் அந்தக் கூட்டம். அவை முதிரும்வரை ஓய்வூதியம் கொடுக்க மிச்சப் பணம் மட்டுமட்டாகப் போதும். அந்த மட்டுமட்டில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

கிளினிக்கில் தாதி வயது கேட்டார்.

“எழுபத்தொண்டு நடக்குது, புள்ள” என்றார் அப்பா.

“அப்ப முடிஞ்சது எழுபதுதானே ஐயா” என்று சொல்லிக்கொண்டே அவர் எழுபது என்று எழுதினார்.

தொலைபேசியில் கேட்டு நான் குறித்துக்கொண்ட வயதுகள் ஞாபகத்துக்கு வந்தன.

சங்கத்தின் பழைய கோப்புகள் வெள்ளத்தில் ஊறிக் கூழாகியிருந்ததால், ஓய்வு பெற்ற அத்தனை பேருக்கும் நானே தொலைபேசி எடுத்து வயது கேட்டிருந்தேன். எங்கள் பக்கத்தில் வயதை யாரும் மொட்டையாகச் சொல்வதில்லை. அறுபத்தெட்டு நடக்குது, எழுபத்துமூண்டு நடக்குது என்பார்கள். களுதாவளையில் பிறந்த எனக்கு அது தெரியாதா? கேட்டுக் கேட்டுப் பழகியதால்தான் அந்த ‘நடக்குது’ காதில் ஏறவில்லை. இலக்கத்தை மட்டும் பிடித்து, முடிந்த வயதாகப் போட்டுவிட்டேன். ஒவ்வொருவரையும் ஒரு வயது கிழவராக்கி, அவரவருக்குக் கொடுக்க வேண்டிய பல மாத ஓய்வூதியத்தைக் கணக்கிலிருந்தே தொலைத்திருந்தேன்.

கிளினிக் வாங்கில் இருந்தபடியே கணனியைத் திறந்து, வயதுகளைத் திருத்தி மறுபடி ஓட்டினேன். முறிகள் முதிர இரண்டு வருடம் இருக்கும்போதே கைப்பணம் தீர்ந்தது. அப்போது ஓய்வூதியத்தை நிறுத்த வேண்டும், அல்லது முறிகளைக் கிடைத்த விலைக்குத் தள்ள வேண்டும். ஓய்வூதியத்தை நம்பி மருந்து வாங்குகிறவர்களின் குரல்கள் எல்லாம் எனக்குத் தெரியும்.

பள்ளத்தை மூடவும் வழி இருந்தது. இறப்பு வீதம் உள்ள கட்டத்தில் ஒரு சின்னத் திருத்தம் செய்தால் போதும். எல்லோரும் கொஞ்சம் முந்திச் செத்தால் கணக்குச் சரிவரும், என் மானமும் தப்பும். கேட்கவும் ஆள் இல்லை. விரலை அந்தக் கட்டத்தில் வைத்தும்விட்டேன். அந்த விரலை நினைத்தால் இன்றைக்கும் பயமாக இருக்கிறது.

அப்பா மருந்துப் பையுடன் வந்து பக்கத்தில் இருந்தார். “பிரஷர் நல்லாக் குறைஞ்சிட்டுதாம். இன்னும் கனகாலம் இருப்பனாம் எண்டு டொக்டர் சொல்றார்.”

கணனியை மூடிவிட்டுச் சங்கத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஐயா, முறி வாங்க வேணாம். நான் பிழை விட்டுட்டன். நம்மட ஆக்கள் எல்லாருக்கும் நான் போட்டதை விட ஒரு வயசு குறைவு.”

அவர் சிரித்தார். “அது நல்ல விசயம்தானே, புள்ள?”

அப்பா மருந்துக் குளிசைகளை மடியில் கொட்டி எண்ணிக்கொண்டிருந்தார். “ஓம் ஐயா, நல்ல விசயம்தான்” என்றேன்.