என் மனைவி சொன்ன விலை

வாரத்தில் ஆறு நாள் எனக்குக் கம்பெனி வேலை. ஞாயிறு மட்டும் வீடு தேடிப் போய், கார்களை உள்ளும் வெளியும் சுத்தம் செய்து பாலிஷ் போட்டுக் கொடுக்கலாம் என்று நோட்டீஸ் அடித்தேன். கம்பெனிக்குள் செல்போன் கூடாது என்பதால் அதில் மனைவியின் நம்பரைப் போட்டேன்.

ஷாம்பு, பாலிஷ், பெட்ரோல் எல்லாம் கணக்குப் போட்டு ஆயிரத்து இருநூறு என்று விலை வைத்தேன். "கேக்கறவங்க எல்லாம் ஜாஸ்தின்னு போனை வெச்சிடறாங்க" என்றாள் மனைவி. ஆயிரமாகக் குறைத்தேன். பிறகு எண்ணூறு. அப்போதும் ஒருவரும் வேலைக்குக் கூப்பிடவில்லை.

ஒருநாள் சாரம் பகுதியில் ஒரு டீக்கடையில் பழைய நண்பர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்பா, ஒரு காருக்கு மூவாயிரம் கேட்டா எவன் குடுப்பான்? உன் வீட்லதான் சொன்னாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நேராக வீட்டுக்கு வந்து கேட்டேன். அவள் மறைக்கவில்லை.

"ஷாம்புக்கும் பெட்ரோலுக்கும் கணக்கு போட்டீங்களே, ஞாயித்துக்கெழமைக்குப் போட்டீங்களா? அந்த ஒரு நாள்தான் நீங்க எங்களுக்கு. அதை சல்லிசா குடுக்க எனக்கு மனசு வரல. ஒருத்தர் மூவாயிரத்துக்கே ஒத்துக்கிட்டாரு. உடனே ஐயாயிரம்னுட்டேன்."

கத்துவதற்கு வாயெடுத்தவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஒரு நாளுக்கு ஐயாயிரம்! இத்தனை வருடத்தில் கம்பெனிகூட என்னை அந்த விலைக்கு மதித்ததில்லை.