தோளில் இருந்த கை

மட்டாஞ்சேரியில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோவுக்குக் கம்ப்யூட்டர் வந்த புதிது. ஒரு மத்தியானம், புருவத்தின் மேல் தையல் தழும்போடு ஒரு அம்மாள் தன் கல்யாணப் படத்தைக் கொண்டுவந்தார். அடிக்கடி தெருவை எட்டிப் பார்த்தார்.

“இந்த ஆளைக் களைஞ்சு, என்னை மட்டும் எடுத்துத் தரணும் தம்பி. அவர் வீட்டுக்கு வரும்முன்னே இது திரும்பச் சுவர்ல இருக்கணும்.”

ஸ்கேன் செய்து, அவர் நின்ற பக்கத்தைக் கிராப் செய்து வெட்டினேன். கணவர் போய்விட்டார். அவருடைய விரல்கள் மட்டும் அம்மாளின் தோளில் தங்கிவிட்டன.

“அந்தக் கை போகாதோ?”

பக்கத்துப் புடவைப் பகுதியை நகலெடுத்து மேலே பூச, குளோன் என்றொரு வசதி இருந்தது. ஒவ்வொரு விரலாக மறைத்தேன்.

“திரும்பி வருமோ?”

“அன்டூ கொடுத்தா வரும். சேவ் பண்ணி மூடிட்டா வராது.”

“அப்போ மூடு.”

பிரிண்டை ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு, கல்யாணப் படத்தை முந்தானையால் மூடியபடி வேகமாகப் போனார்.

சில வாரம் கழித்து, நான் வெட்டியெறிந்த அதே முகம் கடைவாசலில் நின்றது.

“எம்பொண்டாட்டியைக் காணோம். இங்க போட்டோ எடுத்தாளோ?”

“எடுக்கல சேட்டா.”

அது பொய்யில்லை. அந்த அம்மாள் எங்கே போனாரென்று இன்றும் தெரியாது. வெகுதூரம் போயிருக்க வேண்டும் என்றே நினைத்துக்கொள்கிறேன்.