முதலாளி கடை திறக்கும் வரை

மார்கழி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு காலையில் ஜெஸீமா ராத்தாவின் மகள் தொலைபேசியில் அழைத்தாள். "அன்ரி, உம்மா மௌத்தாகிட்டா" என்றாள். ராத்தா இறந்த செய்தி கேட்டதும், வெட்கத்தோடு சொல்கிறேன், "முதலாளி வெளிய வந்திட்டாரா?" என்றுதான் கேட்டேன். அந்தப் பிள்ளை அழுகையின் நடுவே, "இன்னும் இல்ல அன்ரி" என்றாள்.

அக்கா முறையில் நான் ராத்தா என்றழைத்த கல்முனைக்குடி ஜெஸீமாவும் பாண்டிருப்பிலிருந்து வரும் நானும் ஆஸ்பத்திரி மருந்துக் கவுன்டரில் பதினெட்டு வருடம் பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். அங்கே மருந்துத் துண்டு நீட்டிய எல்லோருக்கும் ராத்தாவின் குரல் நினைவிருக்கும். "மாத்திரை போட்ட கையோட நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாக்காதீங்க. அது வேலை செய்யட்டும், நீங்க சும்மா இரிங்க."

முதலாளி ஒரு தாடி ஓணான். அவுஸ்திரேலியாச் சாதி. ராத்தாவின் கணவர் மஜீத் காக்கா கொழும்பில் வாங்கி வந்து, முற்றத்தில் கம்பி வலைக் கூடு அடித்து வளர்த்தார். தாடியும் தொந்தியுமாக வெயிலில் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பதால் அந்தப் பெயர். "ஓணானுக்குச் சாப்பாடு போடுற வீடு நம்மட வீடு ஒண்டுதான்" என்று ராத்தா புறுபுறுப்பார். பூசணிக்காயைப் பொடியாக நறுக்கி வைப்பதும் அவரேதான்.

இந்தச் சாதி குளிர்காலத்தில் மண்ணுக்குள் போய் உறங்குமாம்; இங்கே குளிர்காலம் என்று ஒன்றில்லை. ஆனாலும் மாரி இருட்டு கவிந்ததும் முதலாளி தீன் எடுக்க மாட்டார். கூட்டு மூலையில் குவித்த மணலைத் தோண்டி, உள்ளே போய், தையில்தான் வெளியே வருவார். "கடை பூட்டிட்டார். ஒருத்தரும் தோண்டப்படாது" என்பார் காக்கா.

காக்கா இறந்தது ஒரு மாரி தொடங்கும்போதுதான். ராத்தா வெள்ளை உடுத்து, வெளியே போகாமல், நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்தார். அதே வாரம் முதலாளியும் மண்ணுக்குள் போனார். "அவரும் என்னோட இத்தா இரிக்கார்" என்றார் ராத்தா. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று அந்த இடத்தின் இரு முனையிலும் பலகைத் துண்டுகளை நட்டுவைத்தார். துக்கம் கேட்க வந்த ஒரு மாமி அவற்றை அடக்கிய இடத்தில் நடும் மீஸான் கட்டை என்று நினைத்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, சலாமும் சொல்லிவிட்டார்.

"இது ஆருட கபுறு புள்ள?"

"நம்மட முதலாளிட, மாமி. மௌத்தாகல்ல, உறங்குறார்."

மாமி போன பிறகு ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். காக்கா போனதற்குப் பிறகு அவர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன்.

அந்த வருடம் மழை விடவே இல்லை. முற்றத்து வெள்ளம் கூட்டின் செங்கல் கட்டு வரை வந்தது. எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ராத்தா, ஒருக்காத் தோண்டிப் பாப்பம்" என்று அகப்பையோடு குனிந்தேன். என் கையைப் பிடித்தார்.

"தோண்டி, இவரும் இல்லண்டா நான் என்ன செய்ய?"

அகப்பையை வைத்துவிட்டு, கூட்டின் மேல் இன்னொரு தகரம் போட்டுக் கொடுத்தேன். தை கடைசியில் ஒரு மத்தியானம் கவுன்டரில் நிற்கும்போது ராத்தாவின் அழைப்பு வந்தது. "கடை திறந்தாச்சு. மூக்கெல்லாம் மண். எனக்கு இத்தா முடிய இன்னும் ஒரு மாசம் இரிக்கி, இவர் முந்திட்டார்." நான் சிரித்தேனா அழுதேனா என்று வரிசையில் நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

இந்த மார்கழியில் ராத்தாவின் ஜனாஸா அடக்கத்துக்குப் புறப்பட்ட பிறகு நானும் அவருடைய மகளும் கூட்டருகே நின்றோம். "தோண்டிப் பாப்பமா அன்ரி?" என்றாள். கை குறுகுறுத்தது உண்மை. "அது வேலை செய்யட்டும், நாம சும்மா இருப்பம்" என்றேன். பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று எனக்கே உறைத்தது. ராத்தாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அதுதான். முதலாளியையும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளை சொல்லிவிட்டாள்.

இப்போது வேலை முடிந்ததும் கல்முனைக்குடியில் பஸ்ஸை விட்டு இறங்குகிறேன். தகரம் ஒழுகுகிறதா, பலகைகள் சாய்ந்தனவா என்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிறேன். தை வெயிலில் முதலாளி மண்ணை உதறிக்கொண்டு வெளியே வருவார். பூசணிக்காயை நறுக்கி வைத்துக்கொண்டு நான் நிற்பேன். அவர் என்னைத் தாண்டி, ராத்தா தீன் கொண்டு வரும் குசினி வாசலைப் பார்ப்பார்.

அப்போது அவருக்கு என்ன சொல்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.