இரண்டாவது கண்ணாடி

என் அத்தான், அதாவது அக்காவின் வீட்டுக்காரர், நகராட்சியில் கட்டட ஆய்வாளர். பழைய சுவரில் விரிசல் கண்டால் அதன் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றைச் சாந்து வைத்து ஒட்டிவிட்டு வருவார். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். உடைந்தாலும் லேசில் நம்பமாட்டார். இன்னொன்று ஒட்டி மூன்று மாதம் பொறுத்திருப்பார். இடிக்கத் துடித்த அதிகாரிகளுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. நகரத்தில் மிச்சமிருக்கும் நாலைந்து பழைய கட்டடங்களும் அந்த மனிதரின் பிடிவாதத்தில் நிற்பவைதான். ஒரு சட்டை எடுக்கவும் மூன்று மாதம் யோசிப்பார் என்று அக்கா கிண்டல் செய்வாள்.

அக்கா நூலகர். நூற்றைம்பது வருஷத்து நூலகம். ஆளுயர ஜன்னல்கள், கோடையிலும் குளிர்ந்து கிடக்கும் தரை. அவள் நாற்காலிக்குப் பின்னால் இருந்த சுவரில் விரிசல் விட்டது. அத்தான் கண்ணாடி ஒட்டினார். ஆறாவது வாரம் போய்ப் பார்த்தால் இரண்டாக உடைந்திருந்தது. அன்று மாலையே ‘ஆபத்தானது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். மறுநாள் பூட்டு. அந்த மனையின் மேல் கண்வைத்திருந்த கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? புத்தகங்களை மூட்டை கட்டி ஏதோ ஒரு கிடங்கில் போட்டார்கள், பாவிகள்.

மூன்று நாளில் இடித்துவிடுவோம் என்றார்கள். பதினோரு நாள் ஆயிற்று. மற்றதெல்லாம் விழுந்த பிறகும் அந்தச் சுவர் விழவில்லை. விரிசல் மேல்பூச்சோடு நின்றிருந்தது. உள்ளே ஒரு செங்கல்கூட அசையவில்லை. இயந்திரத்தின் பல் உடைந்து, வேறு இயந்திரம் வரவழைத்தார்கள். நாங்கள் மூவரும் எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். எனக்கு அத்தான் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“அலமாரிய நகத்தும்போது நான்தான் அந்தக் கண்ணாடிய இடிச்சிட்டேன்” என்றாள் அக்கா.

அத்தான் திரும்பினார். “ஏன் சொல்லல?”

“எப்பவும் ரெண்டாவது ஒண்ணு ஒட்டுவீங்களே, அதுல தெரிஞ்சிடும்னு இருந்துட்டேன். பூட்டின பிறகும், உள்ள போய் ஒட்டியிருப்பீங்கன்னுதான் நினைச்சேன்.”

எதற்கெடுத்தாலும் யாரையாவது திட்டித் தீர்ப்பது என் சுபாவம். அன்று யாரைத் திட்டுவது என்று தெரியாமல் நின்றேன். அத்தான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டுக்கொள்ளவில்லை.

“ஒட்டல” என்றார். “மூணு மாசம் நீ அதுக்குக் கீழ உக்காரணுமேன்னு பயந்துட்டேன்.”