ஏழு வயது குறைந்த மனிதருக்கு ஒரு பாலிசி

இந்தியாவுக்கு வந்த நாளிலிருந்து நான் என் வீட்டுக்காரருக்கு மூன்று வயது மூத்தவள். ரேஷன் கடையில் கார்டை நீட்டினால், எடை போடுகிறவர் ஒரு தரம் கார்டைப் பார்ப்பார், ஒரு தரம் என்னைப் பார்ப்பார், பிறகு வரிசையின் பின்னால் அவரைத் தேடுவார். நான் சிரித்துக்கொண்டே பையை விரிப்பேன். ராஜபாளையத்தில் பதினைந்து வருடத்துக்கு மேலாக இந்தச் சிரிப்பைச் சிரித்துப் பழகிவிட்டேன். கப்பல் ஏறும்வரை நான் அவருக்கு நான்கு வயது இளையவள்.

ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் இன்னும் இருக்கிற நம் சனத்துக்கும், என்னைப் போல மண்டபம் முகாம் வழியாக வந்து ஊர் ஊராகச் சிதறியவர்களுக்கும் இதை எழுதுகிறேன். பள்ளிக்கூடத்துக்கு மூன்று வருடம்கூட முழுசாகப் போகாதவள் நான். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துப் பார்த்து எழுத்துக் கூட்டியவள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் நிறையப் பேர் ஐம்பதைத் தாண்டியிருப்பீர்கள். உடம்புக்கு ஒரு பாலிசி எடுக்கலாமா என்று யாராவது உங்களைக் கேட்டிருப்பார்கள். என் கதையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அவர் வயது குறைந்தது இப்படித்தான். எங்களுக்கு முன்னால் வந்தவர்கள் போட்ட கடிதத்தில், நாற்பது தாண்டிய ஆளை இங்கே மில்லில் எடுப்பதில்லை என்று எழுதியிருந்தார்கள். அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று. பாஸ்போர்ட் படிவம் நிரப்பிக் கொடுத்தவர் அவர் தோளைத் தட்டி, பார்க்க இளவட்டமாகத்தான் இருக்கிறாய் என்று சொல்லி முப்பத்தாறு போட்டார். எனக்கு யாரும் வேலை தேடவில்லை, அதனால் என் வயதை யாரும் தொடவில்லை. தலைமன்னாரில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்குவதற்குள் அவர் ஏழு வயதை எங்கோ தொலைத்துவிட்டார். அந்த முப்பத்தாறுதான் எங்களுக்கு மில் வேலையும் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியும் வாங்கிக் கொடுத்தது. அதை நான் மறக்கமாட்டேன். மில் மூடிய பிறகு இரண்டு பேரும் சத்திரப்பட்டி ரோட்டில் ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனிக்குப் போனோம். நாங்கள் வெட்டிச் சுருட்டுகிற துணி தெரியாத ஊர் ஆஸ்பத்திரிக்கெல்லாம் போகும். எங்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது.

இந்த ஊரில் எனக்கு இன்னொன்றும் விசித்திரமாக இருந்தது. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் பேர் சொல்வதற்கு முன்னால் வியாதியைச் சொல்லிவிடுவார்கள். சுகர் எம்புட்டு, கல் எந்தப் பக்கம், யார் எந்த டாக்டரிடம் போனார்கள் என்று இறங்குவதற்குள் எல்லாம் தெரிந்துவிடும். கம்பெனியில் என் பக்கத்து மேசை ஆண்டாள் அக்கா முதல் நாளே தன் கர்ப்பப்பை ஆபரேஷனைத் தையல் தையலாகச் சொன்னார். எனக்கு வெட்கமாகப் போயிற்று. தோட்டத்தில் அப்படி இல்லையே. காலைப் பெரட்டில், பேர் பதிய வரிசையாக நிற்கும்போது, இருமல் வந்தால்கூட வாயைப் பொத்திக்கொள்வோம். சீக்காளி என்று கங்காணி கண்ணில் பட்டால் அன்றைக்குப் பேர் விழாது. காய்ச்சலோடு கொழுந்து எடுத்தவர்கள் நாங்கள். நோயை மறைப்பதுதான் எங்களுக்கு மரியாதை.

என் வீட்டுக்காரர் முத்தையா அந்த மரியாதையை அப்படியே கடல் தாண்டிக் கொண்டுவந்தவர். கம்பெனியில் துணிக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது நடுப்படியில் நின்று வேட்டியைச் சரிசெய்வார். ஏறுகிற ஒவ்வொரு தரமும் வேட்டி அவிழுமா? ஒரு தடவை அய்யனார் கோவிலுக்குப் போனோம். மலையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர் பாதி வழியில் பாறையில் உட்கார்ந்துவிட்டார். கேட்டால், தண்ணீர் ஓடுவதைப் பார்க்கிறாராம். அந்தப் பாறையிலிருந்து தண்ணீரே தெரியாது.

ஆண்டாள் அக்காதான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் வரதன் சாரை எங்களிடம் அனுப்பினார். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் வந்து பொறுமையாக விளக்கினார். அப்போது எங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, உள்ளூர் நர்சிங் ஹோம் ஒன்று விற்ற கார்டு. எதுவும் கேட்கமாட்டார்கள், ஆனால் அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் செல்லும், அதுவும் கொஞ்சம் தள்ளுபடிதான். இன்னொன்று இவர் கொண்டுவந்த பாலிசி. கட்டில் இத்தனை இருக்கவேண்டும் என்ற கணக்குக்குள் வருகிற எந்த ஆஸ்பத்திரியிலும் படுக்கலாம், ரசீதைக் கொடுத்தால் பணம் வரும். ஆனால் இதற்குக் கேள்வி உண்டு. ஐம்பது தாண்டியிருந்தால் டாக்டர் சோதனையும் உண்டு.

வரதன் சார் கார்டைப் பார்த்து எழுதினார். "அம்மாவுக்கு அம்பத்திரண்டு, டெஸ்ட் எடுக்கணும். ஐயாவுக்கு நாப்பத்தொம்பதுதானே, கையெழுத்துப் போட்டாப் போதும்."

கல்லு மாதிரி இருக்கிற எனக்குச் சோதனை. மூச்சு வாங்குகிறவருக்குக் கையெழுத்து. பழைய வியாதி ஏதும் உண்டா என்று சார் கேட்டு முடிப்பதற்குள் அவர் இல்லை என்றார். என்னால் தாங்க முடியவில்லை. அவர் வயசு வந்து சார் என்று இழுத்தேன். வரதன் சார் பேனாவை மூடிவிட்டு என்னைப் பரிவாகப் பார்த்தார். "மூத்த பொண்ணைக் கட்டுறதுல ஒரு தப்பும் இல்லைம்மா. எங்க தெருவுலயே ரெண்டு வீட்ல இருக்காங்க" என்றார். என் வீட்டுக்காரர் பார்த்த பார்வையில் நான் காப்பி போடப் போய்விட்டேன்.

சார் போனதும், நிஜ வயதைச் சொன்னால் என்ன என்று அவரிடம் கேட்டேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் தகரப் பெட்டியைத் திறந்து, பாஸ்போர்ட்டை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

"வயசு பொய்யின்னு சொன்னா, கார்டு பொய்யி. கார்டு பொய்யின்னா பாஸ்போர்ட்டும் பொய்யி. அப்புறம் நாம யாரு புள்ள? எங்க போறது?"

எந்த நாடும் தன் ஆள் என்று சொல்லாமல் முப்பது வருடம் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கேள்வியின் கனம் தெரியும். உங்களுக்குத் தெரியும். ஒரு காகிதத்துக்காக அவருடைய அப்பா எத்தனை தடவை கண்டிக்கு நடையாய் நடந்தார் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அவர் மூச்சை எட்டிப் பிடிப்பதையும் நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் துணி சுருட்டும்போது ஆண்டாள் அக்காவிடம் வயதையும் மூச்சையும் சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக வீட்டு நோயை வெளியே சொன்னேன். எனக்குக் கல்யாணம் ஆனது பதினேழில் என்பது அக்காவுக்குத் தெரியும். கையை நிறுத்தாமல் கணக்குப் போட்டார்.

"அப்ப கல்யாணத்தன்னைக்கு ஒம் புருசனுக்குப் பதினாலு வயசாட்டி? பச்சப் புள்ளையக் கட்டி இழுத்துட்டு வந்துருக்கா, பாருங்க."

மேசை முழுக்கச் சிரிப்பு. நானும் சிரித்தேன். சிரித்து முடித்ததும் அக்கா என் பக்கம் குனிந்து, "மூச்சு வாங்குறது கார்டுக்கா, மனுசனுக்கா? வரதன்கிட்ட நான் சொல்லவா, நீ சொல்லுதியா?" என்றார்.

நான்தான் சொன்னேன். என் சோதனைக்காக மூன்று பேரும் ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருந்தோம். டாக்டர் அறை மாடியில். அவர் நடுப்படியில் வேட்டியைச் சரிசெய்து கொண்டிருந்தபோது, நானும் வரதன் சாரும் முன்னால் ஏறிவிட்டோம். வராந்தாவில் வைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாஸ்போர்ட், மில், முப்பத்தாறு, எல்லாம். போலீசுக்குப் போவீர்களா சார் என்றும் கேட்டுவிட்டேன். வரதன் சார் சிரித்தார்.

"இதுக்காம்மா பயந்தீங்க? எங்க அப்பா பள்ளிக்கூடத்துல சேர்ந்தப்ப, வலது கையால தலையைச் சுத்தி இடது காதைத் தொடச் சொல்லி ஹெட்மாஸ்டர் ஒரு வயசு வச்சார். அப்பா ரிட்டயர் ஆனதே அந்த வயசுலதான். நிஜ வயசு எங்க பாட்டியோட போச்சு. இந்த ஊர்ல பாதிப் பேருக்கு ஜூன் மாசந்தான் பொறந்த நாள்."

கடல் தாண்டி வந்தவர்களுக்கு மட்டும்தான் எழுதிவைத்த வயது என்று நினைத்திருந்தேன். இங்கேயே பிறந்தவர்களுக்கும் அப்படித்தானா? அந்த வராந்தாவில் நின்றபோது, இந்த ஊர் எனக்கு ஒரு சாண் நெருங்கி வந்தது.

எனக்குச் சோதனை முடிந்தது, ஒன்றும் இல்லை. அந்த டாக்டர் வயதானவர். வாசலில் நின்ற என் வீட்டுக்காரரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, பிரஷர் பார்க்கிற பட்டையை அவர் கையில் சுற்றிக்கொண்டே, "வயசு என்ன?" என்று கேட்டார்.

அவர் என்னைப் பார்த்தார். வரதன் சாரைப் பார்த்தார். ஜன்னலில் கோபுரம் தெரிந்தது, அதையும் பார்த்தார். பிறகு, "அம்பத்தாறுங்க" என்றார்.

இந்த மண்ணில் அவர் வாயால் அதைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். டாக்டர் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான். கூரை இடிந்து விழவில்லை. பிரஷர் எக்கச்சக்கம், நெஞ்சுப் படத்திலும் கோளாறு. இன்னும் ஆறு மாதம் இப்படியே மாடி ஏறியிருந்தால் பேசிக்கொண்டிருக்க மாட்டீர்கள் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார், துணிக்கட்டைத் தூக்கக்கூடாது என்றார். கூடவே வயதுக்கு ஒரு சான்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

படிவத்தை முதலிலிருந்து புதிதாக எழுதினோம். வயது ஐம்பத்தாறு. வியாதி, உண்டு. கார்டில் ஏன் வேறு வயது என்று நான் என் கையாலேயே ஒரு பக்கம் எழுதி, டாக்டர் சான்றோடு வைத்தேன். பதில் வர மூன்று வாரம் ஆயிற்று. அந்த மூன்று வாரமும் அவர் காலையில் எழுந்ததும் சட்டை போட்டு, பித்தானை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். யாராவது வந்து கூப்பிட்டால் மரியாதையாகப் போகவேண்டும் என்றுதான்.

யாரும் வரவில்லை. பாலிசிதான் வந்தது. தவணை கூடுதல். நெஞ்சுக்கும் பிரஷருக்கும் அவர்கள் பணம் தரமாட்டார்கள், மற்றதற்கெல்லாம் தருவார்கள் என்று தெளிவாக எழுதியிருந்தது. இப்படி ஒரு பாலிசி எதற்கு என்று அவர் கேட்டார். மாத்திரையை நாம் வாங்கிக்கொள்ளலாம், மற்றதை அவர்கள் பார்க்கட்டும் என்றேன். நீங்கள் எடுப்பதானால், ஐம்பதுக்குப் பிறகு இதைத்தான் முதலில் பாருங்கள்: எதற்குத் தரமாட்டார்கள் என்று எழுதியிருக்கிற சின்ன எழுத்தை. கெடு நாளைத் தவறவிடாதீர்கள். நல்ல பேர் வாங்க நினைத்து நோயை மறைக்காதீர்கள். இன்சூரன்ஸ் கம்பெனியில் பெரட்டு இல்லை.

இரண்டாம் வருடம் கூமாப்பட்டியில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு வரும்போது சைக்கிளோடு விழுந்து அவருக்குக் கால் எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்தார்கள். இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் வந்து காகிதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிவத்தில் இருந்த வயது, ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த வயது, எழுதிக் கொடுத்த வியாதி, எல்லாம் பொருந்தியது. பணம் வந்தது. கட்டுப் போட்ட அன்று ஆண்டாள் அக்கா வந்து, காலில் சுற்றியிருந்த துணியைத் தொட்டுப் பார்த்து, "நம்ம மேசைத் துணிதாம்ட்டி" என்றார். யாருக்கெல்லாமோ சுருட்டிய துணி எங்கள் வீட்டுக்கும் வந்தது. அதற்கு என்ன சொல்ல, கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றியது.

இப்போது அவர் வேட்டியைச் சரிசெய்வதில்லை. மூச்சு வாங்கினால், வாங்குகிறது என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறார். சில சாயங்காலங்களில், கார்டில் இல்லாத அந்த ஏழு வருடத்தைப் பற்றிப் பேசுகிறார். தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே போய்ச் சேர்ந்த எங்கள் மூத்த பையனைப் பற்றியும் பேசுகிறார். இங்கு வந்த பிறகு அவன் பேரை அவர் எடுத்ததே இல்லை.

தகரப் பெட்டியில் ரேஷன் கார்டும் பாலிசியும் ஒன்றின் மேல் ஒன்றாக இருக்கின்றன. அரிசி வாங்கப் போகும்போது நான் மூத்தவளாகப் போகிறேன். வருடத்துக்கு ஒரு நாள், தவணை கட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறும்போது மட்டும், முகம் கழுவி, பூ வைத்துக்கொண்டு, என் வீட்டுக்காரருக்கு நான்கு வயது இளையவளாகப் போகிறேன்.